ஸ்ட்ரிங்கின் சப்கிளாஸ்: வசதியா, வம்பா?

நடுவர் அவர்களே, பைத்தான் நிரல்மொழியில் எழுத்துகளைத் தாங்கும் ஸ்ட்ரிங் வகையிலிருந்து சப்கிளாஸ், அதாவது அதன் இயல்புகளைப் பெறும் வழித்தோன்றல் வகை, உருவாக்குவது வசதியே என்று வாதிட்ட எதிரணி நண்பர், ஒரே வரியில் கிளாஸை அறிவித்துவிட்டால் ஸ்ட்ரிங்கின் மெத்தட்கள் (செயற்கூறுகள்) அத்தனையும் இலவசமாகக் கிடைத்துவிடும் என்றார். கிடைப்பது உண்மைதான், ஆனால் கிடைத்தவை நம் பேச்சைக் கேட்பதில்லை என்பதே எங்கள் அணியின் வழக்கு.

பாஸ்வேர்டைத் திரையில் மறைப்பதற்காக 'மறைசொல்' என்றொரு சப்கிளாஸ் எழுதி, பிரிண்ட் செய்யும்போது அழைக்கப்படும் அதன் 'ஸ்ட்ர்' மெத்தட் நான்கு நட்சத்திரக் குறிகளை மட்டும் தருமாறு மாற்றியமைத்ததாகக் கொள்வோம். பிரிண்ட் செய்தால் நட்சத்திரங்களே தெரியும். எழுதியவரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் சக ஊழியர் ஒருவர் கூட்டல் குறியிட்டு அதை லாக் (நிகழ்வுப் பதிவு) வரியோடு ஒட்டுகிறார், அல்லது ஜேசன் என்னும் தரவு வடிவத்துக்கு மாற்றுகிறார். அங்கே, பைத்தானை இயக்கும் வழக்கமான மென்பொருளான சிபைத்தானின் சி மொழி நிரல், நாம் மாற்றிய மெத்தடைத் தேடிப் போகாமல், நினைவகத்தில் உள்ள எழுத்துகளை நேரடியாகவே எடுத்துக்கொள்வதால், பாஸ்வேர்டு அப்படியே லாகில் போய் விழுகிறது. எர்ரர் ஒன்றும் வராது, வந்திருந்தாலாவது பிழைத்திருப்போம். ஓரங்களிலுள்ள வெற்றிடத்தை நீக்க ஸ்ட்ரிப் செய்தாலோ, ஒரு பகுதியை மட்டும் வெட்டி ஸ்லைஸ் எடுத்தாலோ கையில் கிடைப்பது சாதாரண ஸ்ட்ரிங். அதன் பிறகு பிரிண்டிலும் மறைப்பு இல்லை.

ஒப்பீட்டிலும் இதே வம்புதான். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பாராமல் சமமா என்று ஒப்பிடும் 'ஈக்யூ' மெத்தடை மட்டும் மாற்றினால், தேடலுக்கு உதவும் எண்ணான ஹாஷ் பறிபோய், டிக்ஷனரியில் கீயாக (தேடுசொல்லாக) வைக்கும்போது டைப்எர்ரர் வரும். சரி என்று சிறிய எழுத்து வடிவத்துக்கு ஹாஷ் கணக்கிட்டு எழுதினால், பெரிய எழுத்திலுள்ள சாதாரண ஸ்ட்ரிங்கை அதற்குச் சமம் என்று சொல்லும் அதே பைத்தான், அந்த ஸ்ட்ரிங்கைக் கொண்டு தேடும்போது அப்படியொரு கீயே இல்லை என்று கைவிரித்துவிடும்.

வலைத்தளக் கட்டமைப்பான ஜாங்கோவில் ஸ்ட்ரிங்கின் சப்கிளாஸாக உள்ள சேஃப்ஸ்ட்ரிங் பல காலமாக ஓடவில்லையா என்று நண்பர் கேட்டார். ஓடுகிறது, ஏனென்றால் அது சுமப்பது 'இது பாதுகாப்பானது' என்ற முத்திரையை மட்டுமே. அம்முத்திரை வழியில் உதிர்ந்தால், பக்கத்தை உருவாக்கும் டெம்ப்ளேட், எச்டிஎம்எல் குறிகளை இன்னொரு முறை எஸ்கேப் செய்து வெறும் எழுத்தாக்கும், அவ்வளவுதான். மறைசொல்லில் உதிர்வதோ மறைப்பே.

இதற்கு மாறாக, தரவைச் சரிபார்க்கும் பைத்தான் நூலகமான பைடான்டிக்கில் ரகசியங்களை வைக்கும் சீக்ரெட்ஸ்ட்ர், பெயரில் ஸ்ட்ரிங்கை வைத்திருந்தும், ஸ்ட்ரிங்கின் சப்கிளாஸாக அமைக்கப்படவில்லை. மதிப்பைத் தனக்குள் வைத்திருக்கும் தனி கிளாஸ் அது. கூட்டல் குறியால் லாக் வரியோடு ஒட்ட முயன்றால் அந்த வரியிலேயே டைப்எர்ரர் எழும். உண்மையான பாஸ்வேர்டு வேண்டுபவர் அதற்கென்று உள்ள மெத்தடைப் பெயர் சொல்லி அழைத்தே ஆகவேண்டும்.