ராத்திரி விசாரணையும் ஹாயிம் கோனும்

வணக்கம். இன்னைக்கு ஹாயிம் கோன். 1911ல ஜெர்மனி லூபெக்ல பிறந்தவர். ஜெருசலேம்ல வக்கீல், 1950ல இஸ்ரேலோட அட்டர்னி ஜெனரல், 1960லேர்ந்து 1981 வரை உச்ச நீதிமன்ற நீதிபதி. 1965ல தேர்தல் கமிட்டி ஒரு கட்சிப் பட்டியலைத் தள்ளுபடி பண்ணினப்போ, அந்த அதிகாரத்தைச் சட்டம் குடுக்கலையேன்னு தனியா நின்னு மாற்றுத் தீர்ப்பு எழுதினார். இயேசுவோட விசாரணை பத்தி 1968ல ஹீப்ருல எழுதின புத்தகத்துலயும் அதே புத்திதான் வேலை செய்யுது.

யூதர்களோட பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்றபடி, மரண தண்டனை வழக்கைப் பகல்லதான் விசாரிக்கணும். 23 நீதிபதிகள் உட்காரணும். ரெண்டு சாட்சி ஒத்துச் சொல்லணும். தண்டனைன்னா தீர்ப்பு மறுநாள்தான், அதனால பண்டிகைக்கு முந்தின நாள் வழக்கையே எடுக்கக் கூடாது. இப்போ பைபிள்ல, இயேசுவை விசாரிக்கற மாற்கு சுவிசேஷம் 14ஆம் அதிகாரத்தைத் திறங்க. ராத்திரி, பஸ்காங்கற யூதப் பண்டிகை நேரம், சாட்சிகள் ஒவ்வல.

சட்டத்தை மீறித் தீர்ப்பு சொன்னாங்கன்னு பலரும் முடிச்சுடுவாங்க. கோன் வேற மாதிரி கேக்கறார்: ஒரு விதிகூட நிக்கலைன்னா அது விசாரணைதானா? விடிஞ்சா ரோம ஆளுநர் பிலாத்து முன்னாடி நிக்கப்போறவரைத் தப்பிக்க வைக்கத்தான் யூதர்களோட உச்ச சபையான ஆலோசனைச் சங்கம் அவசரமா கூடுச்சுங்கறார். பிரதான ஆசாரியன் வஸ்திரத்தைக் கிழிக்கற இடத்தைப் பாருங்க. தேவதூஷணம், அதாவது கடவுளைப் பழிக்கற பேச்சு, கேட்ட நீதிபதி கிழிக்கணும்னு மிஷ்னாவுல இருக்கு, எல்லாரும் அப்படித்தான் படிப்பாங்க. கோனுக்கு அது துக்கம், காப்பாத்த முடியாமப் போச்சேங்கற துக்கம்.

சிலுவை ரோமத் தண்டனைங்கறது அசைக்க முடியாத வாதம். யூத சட்டத்துல கல்லெறி, எரிப்பு, தலைவெட்டு, கழுத்து நெரிப்புன்னு நாலுதான். யூதர்கள்தான் கொன்னாங்கன்னு நூற்றாண்டுக் கணக்குல பழி சுமத்தி ரத்தம் சிந்தின சரித்திரத்துல, இதை ஒரு நீதிபதி வரிசையா எடுத்து வச்சது பெரிய வேலை.

ஆனா 'காப்பாத்தத்தான் கூடினாங்க'ங்கற பகுதி என் பார்வையில வெறும் ஊகம். அறிஞர்கள் பலரும் ஏத்துக்கல. இயேசுவைக் கொல்லத்தான் சாட்சி தேடினாங்கன்னு மாற்கு 14:55 நேரடியாவே சொல்லுது. தவிர, மிஷ்னா தொகுக்கப்பட்டது சுமார் கி.பி. 200ல. இயேசு காலத்துல சதுசேயர்ங்கற ஆசாரியர் தரப்புப் பிரிவோட கை ஓங்கியிருந்த சங்கம் அதே விதிகளைக் கடைப்பிடிச்சுதான்னு நிரூபிக்க வழியில்ல.

படிக்கறப்போ யோவான் 18ஐயும் பக்கத்துல வச்சுக்கோங்க. முன்னாள் பிரதான ஆசாரியன் அன்னா விசாரிச்சு, அப்போ பதவியில இருந்த காய்பாகிட்ட அனுப்பறார், அங்கேர்ந்து பிலாத்து. சங்கம் கூடித் தீர்ப்பு சொன்னதாவே அதுல வராது. முறையான விசாரணை நடக்கலைன்னு சொல்ல அது கோனுக்குக் கை கொடுக்குது. காப்பாத்தப் பார்த்தாங்கன்னு சொல்ல அதுலயும் ஒரு வரி கிடையாது.