திங்கட்கிழமைத் தொலைபேசி

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

மென்பொருள் நிறுவனம் தொடங்கியவர்களுக்கும் தொடங்க நினைக்கும் பிள்ளைகளுக்கும் தலைமை, வளர்ச்சி பற்றி 15 நிமிடம் பேசுங்கள் என்று நிலையத்தார் அழைத்தார்கள். நான் மதுரையில் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்து விற்கிறவள். 20 ஆண்டுகளாக இதுதான் என் பிழைப்பு, இதுதான் என் ஆசையும்கூட. கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாதே என்று யாரும் ரேடியோவை அணைத்துவிட வேண்டாம். ஜவுளிக்கடையில் பில் போட வரிசையில் நின்றிருப்பீர்கள் அல்லவா? இன்றைய பேச்சுக்கு அந்த அனுபவம் போதும்.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். வாடிக்கையாளர் சொல்லும் குறை, நிறுவனத்தை நடத்துபவரின் காதுக்கு வந்து சேர வேண்டும். நிறுவனத்தில் ஆள் கூடக் கூட அந்தக் குறை வரும் பாதை அடைபடும். அதை அடைபடாமல் பார்த்துக்கொள்வதுதான் தலைவராக இருப்பவரின் முதல் வேலை. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2017-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், ஒரு கடையின் கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்று தெரிந்துகொண்டேன்.

அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. வியாபாரிகள் யாரும் அந்த மாதத்தை மறந்திருக்க மாட்டார்கள். எங்களைப் போன்ற பில்லிங் மென்பொருள்காரர்களுக்கு அதற்கு முந்தைய இரண்டு மாதங்களும் தூக்கமே இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் வரி மாறுகிறது, பில்லின் வடிவம் மாறுகிறது, மாதக் கணக்குத் தாக்கல் செய்யும் முறை மாறுகிறது. ஜூலை 1 காலையில் எங்கள் கடைகள் எல்லாவற்றிலும் பில் சரியாக வந்தபோது அலுவலகத்தில் கேசரி செய்து சாப்பிட்டோம். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

ஆடி பிறந்தது. ஆடித் தள்ளுபடியும் வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகளுக்குச் சுடிதார் எடுக்கலாம் என்று விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். எங்கள் மென்பொருள் ஓடும் கடைதான். ஆனால் அன்று நான் வெறும் வாடிக்கையாளராகத்தான் போயிருந்தேன். வரிசையில் மூன்றாவது ஆளாக நிற்கிறேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா, கையில் ஒரு சுடிதார் செட். அதில் கட்டியிருந்த சீட்டில் விலை 1,050 ரூபாய், வரி தனி. தள்ளுபடி பத்து சதவீதம். பில் வந்தது. அந்த அம்மா அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு தடவை படித்தார். அப்புறம் கேட்டார்: "ஏங்க, தள்ளுபடி போட்டதுக்கு அப்புறமும் பில்லு சீட்டு விலையை விடக் கூடுதலா இருக்கே?"

பில்லில் 1,058 ரூபாய் என்று இருந்தது.

இங்கே கொஞ்சம் கணக்குச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைய விதிப்படி ரெடிமேட் உடை 1,000 ரூபாய் வரை என்றால் ஐந்து சதவீத வரி. அதைத் தாண்டினால் பன்னிரண்டு. எந்த விலைக்கு? உண்மையில் விற்கும் விலைக்கு. 1,050-இல் தள்ளுபடி போனால் 945. ஆயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. ஆகவே ஐந்து சதவீதம்தான் போட வேண்டும். மொத்தம் 992 ரூபாய் 25 காசு. ஆனால் எங்கள் மென்பொருள் என்ன செய்தது? பார்கோடைப் படித்தவுடனே 1,050 என்று பார்த்துப் பன்னிரண்டு சதவீதம் என்று முடிவு செய்துவிட்டது. தள்ளுபடியை அப்புறம்தான் கழித்தது. ஆக ஒரு சுடிதாருக்கு 66 ரூபாய் கூடுதல். அந்த அம்மாவின் கையிலிருந்து போகிற பணம், காரணம் நாங்கள்.

கல்லாவில் இருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், சட்டைப் பையில் இரண்டு பேனா. என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஏம்மா, அஞ்சு நாளா உங்க ஆபீசுக்குப் போன் அடிக்கிறேன். ஒரு தம்பி எடுத்து, 'அது ஜி.எஸ்.டி. ஐயா, அப்படித்தான் வரும்'னு சொல்லிட்டு வச்சிடுறாரு. நான் முப்பத்திரெண்டு வருசமா கணக்கு எழுதுறவன். எனக்குத் தெரியாதா?"

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

நேராக அலுவலகத்துக்குப் போனேன். ஞாயிறாக இருந்தாலும் புரோகிராமர்களை வரச் சொன்னேன். தவறைத் திருத்த ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இரவு எல்லாக் கடைகளுக்கும் புதிய பதிப்பை அனுப்பினோம். மறுநாள் காலை ஒவ்வொரு கடை முதலாளியையும் நானே அழைத்து, எந்தெந்த பில்லில் எவ்வளவு கூடுதலாக வாங்கியிருக்கிறது என்ற பட்டியலைக் கொடுத்தேன். போன் நம்பர் கொடுத்திருந்த வாடிக்கையாளர்களைப் பல கடைக்காரர்கள் தேடிப் பிடித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆனால் அன்று இரவு என்னைத் தூங்கவிடாதது அந்தத் தவறு இல்லை. தவறு எந்த மென்பொருளிலும் வரும். ஐந்து நாளாக அந்தப் பெரியவர் கூப்பிட்டிருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. அதுதான். நாங்கள் நான்கு பேராக ஒரே அறையில் இருந்த காலத்தில் தொலைபேசி என் மேசையில்தான் இருந்தது. அடித்தால் நான்தான் எடுப்பேன். ஒரு கடைக்காரர் குரலை உயர்த்தினால் நான்கு பேருக்கும் கேட்கும். 2017-இல் நாங்கள் 38 பேர். எனக்குத் தனி அறை, கண்ணாடிக் கதவு. தொலைபேசி எடுக்கும் பிள்ளைகள் ஆறு பேர் எனக்கு இரண்டு அறை தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெரியவரின் குறை விளக்குத்தூணிலிருந்து என் அலுவலகம் வரைக்கும் வந்துவிட்டது. அந்த இரண்டு அறையைத் தாண்டத்தான் அதனால் முடியவில்லை.

பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். "பில் தொகை பற்றிய சந்தேகம். விளக்கம் தரப்பட்டது. முடிந்தது." இப்படி நான்கு தடவை. ஏன் அவசர அவசரமாக முடித்தார்கள்? ஏனென்றால், ஒரு நாளில் யார் அதிக அழைப்புகளை முடிக்கிறார்களோ அவர் பெயரைப் பலகையில் எழுதுவோம், மாதக் கடைசியில் 1,000 ரூபாய் கொடுப்போம். அந்த விதியைப் போட்டது நான். நல்லது என்று நினைத்துத்தான் போட்டேன். எதை எண்ணிப் பரிசு கொடுக்கிறோமோ அதைத்தானே பிள்ளைகள் செய்வார்கள்?

அழைப்பை எடுத்த தம்பியைக் கூப்பிட்டேன். பயந்துபோய் நின்றான். "உனக்கே சந்தேகம் வரலையாப்பா?" என்று கேட்டேன். "வந்துச்சு அக்கா. உள்ள போய்க் கேட்டேன். ஜி.எஸ்.டி. வேலை தலைக்கு மேல கிடக்கு, நீயே ஏதாவது சொல்லி அனுப்புன்னுட்டாங்க" என்றான். கெட்ட செய்தியைச் சுமந்துகொண்டு கதவு வரைக்கும் வந்தவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அவனை வேலையை விட்டு நிறுத்தச் சொன்னவர்கள் உண்டு. நான் நிறுத்தவில்லை. அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "இவன் வந்து கேட்டான், நாம்தான் காது கொடுக்கவில்லை" என்று சொன்னேன்.

அன்றிலிருந்து திங்கட்கிழமை காலை 9 மணி முதல் 11 மணி வரை வாடிக்கையாளர் தொலைபேசி என் மேசைக்கு வரும். புரோகிராமர்களும் மாதம் ஒரு நாள் முறை போட்டுத் தொலைபேசி எடுக்க வேண்டும். பரிசுப் பலகையைக் கழற்றிவிட்டோம். ஒரு குறை முடிந்துவிட்டது என்பதை நாங்கள் சொல்லக் கூடாது, கடைக்காரர் சொல்ல வேண்டும். அவர் சரி என்று சொல்கிற வரைக்கும் அது திறந்தே கிடக்கட்டும்.

நீங்கள் கேட்கலாம், ஒரு முதலாளி போன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நிறுவனம் எப்படி வளரும் என்று. நம் திருச்சியில் பிறந்த கிரீஷ் மாத்ருபூதம் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வீடு மாற்றியபோது அவருடைய டி.வி. வழியில் உடைந்துபோனது. சாமான்களை ஏற்றி அனுப்பிய நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டு மாதக்கணக்கில் எழுதிப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் இணையத்தில், தன்னைப் போல் ஊர் திரும்புகிறவர்கள் கூடும் இடத்தில், நடந்ததை எழுதினார். உடனே அந்த நிறுவனத்தின் தலைவரே மன்னிப்புக் கேட்டார், பணமும் வந்தது. யோசித்துப் பாருங்கள். மாதக்கணக்கில் உள்ளே போகாத குறை, ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னதும் தலைவரிடம் போய்விட்டது. வாடிக்கையாளர் குறைகளைக் கவனிக்க உதவும் மென்பொருளை 2010-இல் சென்னையில் அவர் நண்பருடன் சேர்ந்து தொடங்கினார். அதுதான் ஃப்ரெஷ்டெஸ்க். பிறகு ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. ஓர் உடைந்த டி.வி.யின் குறையைக் காது கொடுத்துக் கேட்பதையே ஒரு தொழிலாக ஆக்க முடிந்திருக்கிறது, பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. முன்பெல்லாம் மென்பொருளைக் குறுந்தகட்டில் போட்டு ஒரு தடவை விற்றுவிடுவோம். இன்றைக்குப் பெரும்பாலும் கேபிள் டி.வி. மாதிரி மாதக் கட்டணம். பிடிக்கவில்லை என்றால் வாடிக்கையாளர் சண்டை போட மாட்டார், அடுத்த மாதம் கட்ட மாட்டார், அவ்வளவுதான். நூறு கடை இருக்கிறது, மாதம் மூன்று சதவீதம் கடைகள் விலகுகின்றன என்று வையுங்கள். மூன்றுதானே என்று தோன்றும். ஒரு வருடம் கழித்து எண்ணினால் சுமார் 69 கடைதான் மிஞ்சும். அப்புறம் எத்தனை புதிய ஆட்களை விற்பனைக்குப் போட்டாலும், போன கடைகளுக்கு ஈடுகட்டவே சரியாக இருக்கும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். குறை சொல்லிக் கூப்பிடுகிறவர் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. அந்தப் பெரியவர் ஐந்து நாள் கூப்பிட்டாரே, அவர் எங்களைக் காப்பாற்றப் பார்த்தார்.

வளர்ச்சி பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே வகை வாடிக்கையாளரை நம்பி வளர்வது ஆபத்து. இன்றைய ஜோஹோ மென்பொருள் நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. தொலைத்தொடர்புக் கருவி செய்யும் நிறுவனங்கள்தான் அவர்களுக்கு முக்கிய வாடிக்கையாளர்கள். 2001 வாக்கில் அந்தத் துறையே சரிந்தது, வாடிக்கையாளர்கள் கரைந்தார்கள். அப்புறம்தான் மற்ற நிறுவனங்களின் கணினிப் பிரிவுகளுக்கான மேனேஜ்எஞ்சின், பிறகு 2005-இல் ஜோஹோ என்ற பெயரில் இணையவழி மென்பொருள்கள் என்று வேறு வேறு திசையில் கிளை விட்டார்கள். வெளி முதலீட்டாளரிடம் பணம் வாங்காமலே இதைச் செய்தார்கள். ஃப்ரெஷ்வொர்க்ஸ் முதலீடு வாங்கி வளர்ந்தது. இரண்டு வழியிலும் நல்ல நிறுவனம் கட்டலாம் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. எந்த வழி என்று கேட்டு என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, உங்கள் வாடிக்கையாளர் எவ்வளவு வேகமாக முடிவெடுப்பார் என்று பாருங்கள். எங்கள் ஜவுளிக்கடைக்காரர்கள் பக்கத்துக் கடையில் ஒரு வருடம் ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள். அதற்கு, சீக்கிரம் வளரச் சொல்லி அவசரப்படுத்தும் முதலீட்டாளர் பணம் ஒத்துவராது.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். பள்ளிப் படிப்பு முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து ஜோஹோ வேலைக்கு எடுப்பது, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்தது, இதெல்லாம் பலருக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்திலும் தொலைபேசியில் பொறுமையாகக் கேட்கத் தெரிந்த பிள்ளைகளில் பாதிப் பேர் கல்லூரிப் பட்டம் இல்லாதவர்கள். இன்னும் சொல்லலாம், கடிகாரம் இடம் கொடுக்கவில்லை. இரண்டு நிமிடம்தான் இருக்கிறது.

கடைசியாக, விலகி வழிவிடுவது. 2024 மே மாதம் கிரீஷ் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்தார். 2025 ஜனவரியில் ஜோஹோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்புவும் அந்தப் பொறுப்பை விட்டு ஆராய்ச்சிப் பக்கம் போனார். நானும் வருகிற சித்திரையில் பொறுப்பை ஒப்படைக்கிறேன். பொறுப்பேற்கப் போகிறவர், எங்களோடு மூன்றாவது ஆளாக வந்து சேர்ந்த பெண், ஜி.எஸ்.டி. சமயத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு முழுக்க என்னோடு உட்கார்ந்திருந்தவர். கணக்கு, சம்பளம், வங்கி, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமைத் தொலைபேசியை மட்டும் நானே வைத்துக்கொள்கிறேனே என்று கேட்டேன். "இல்லக்கா, அது என் மேசைக்கு வரணும்" என்றார்.

கொடுத்துவிட்டேன். நன்றி, வணக்கம்.