முதல் சுற்று கையால்

நேயர்களுக்கு வணக்கம். நான் பள்ளியில் கணக்கு கற்பிக்கும் ஆசிரியை. கார் பழுதுபார்க்கும் தொழிலை முறையாகப் பயின்றவள் அல்லள். சென்னையில் என் வீட்டு வாசலில் நிற்கும் பழைய மாருதி 800 வண்டியின் சிறு வேலைகளை, ஆறு ஆண்டுகளாக ஒவ்வொன்றாகக் கற்று நானே செய்துவருகிறேன். அந்த அனுபவத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு நாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் சாவியைத் திருகினால் 'டக்' என்ற ஒலி மட்டும் வந்தது. தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் வந்து பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். பாட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே வாஸ்லின் தடவினார். வண்டி உடனே கிளம்பிவிட்டது. "இதற்கு என்னைக் கூப்பிட வேண்டாம் டீச்சர், நீங்களே செய்யலாம். கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள், அவ்வளவுதான்" என்றார்.

ஏன் அந்த வரிசை என்று கேட்டேன். காரின் இரும்பு உடல் முழுவதும் மைனஸ் முனையோடு இணைந்திருக்கிறது. மைனஸ் இணைப்பு இருக்கும்போதே பிளஸ் நட்டைத் திருகும் ஸ்பேனர் தவறி உடலில் பட்டால், பாட்டரியின் மின்சாரம் முழுவதும் அந்த ஸ்பேனர் வழியே பாய்ந்து பொறி பறக்கும். மைனஸை முதலில் கழற்றிவிட்டால் சுற்று முழுமையடைய வழியே இல்லை. என்னை இந்த வேலைக்குள் இழுத்தது அந்த விளக்கந்தான். மனப்பாடம் செய்ய வேண்டிய வரிசை என்று நான் நினைத்திருந்த ஒன்றுக்குள் இவ்வளவு தெளிவான காரணம் இருந்தது. அன்றிலிருந்து, காரணம் புரியாத எந்த வேலையிலும் நான் கை வைப்பதில்லை.

கற்றுக்கொள்ள ஏற்ற வண்டி எனக்கு வாய்த்திருந்தது. 1983 டிசம்பரில் முதல் வண்டி விற்பனையான மாருதி 800, 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்பதற்குள் 25 லட்சத்துக்கும் மேல் தயாரானது. 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜின். பானெட்டைத் திறந்தால் பெரும்பாலான பாகங்கள் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். புதிய உதிரிபாகம் வேண்டுமென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை இருக்கிறது. கதவுக் கைப்பிடி, விளக்குக் கண்ணாடி போன்றவற்றைப் புதுப்பேட்டையில் பழையதாகவே வாங்கலாம். பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நான் வாங்கிய முதல் கருவி ஸ்பேனர் அன்று, வோல்ட்டை அளக்கும் ஒரு மல்ட்டிமீட்டர். நல்ல பாட்டரி, வண்டி ஓடாமல் இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். என்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 14 காட்ட வேண்டும். ஒரு முறை பாட்டரி அடிக்கடி இறங்கியபோது, ஒரு கடையில் புதியதை வாங்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து என்ஜினை ஓடவிட்டு அளந்தேன். 12.2தான் காட்டியது. பாட்டரிக்கு மின்சாரமே ஏறவில்லை என்றால், புதியதை வாங்கி வைத்தாலும் அதே கதிதானே? பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரை (பட்டறை வழக்கில் டைனமோ) சுழற்றும் பெல்ட் தளர்ந்திருந்தது. இறுக்கியதும் அளவு 14ஐத் தொட்டது. பழைய பாட்டரி அதன் பிறகு ஒன்றரை ஆண்டு உழைத்தது.

என்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கை மாற்றும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மூன்று பிளக்குகளையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. ஒன்றைக் கழற்றி, மாட்டி முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். இல்லையேல் ஒயர்கள் இடம் மாறி வண்டி மிஸ் ஆகும், அதாவது என்ஜின் சீராக ஓடாமல் திக்கும். ஒயரை அதன் ரப்பர் தொப்பியைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். கழற்றிய பிளக்கின் முனை வெளிர்பழுப்பாக இருந்தால் என்ஜின் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் அது பட்டறைக்குப் போக வேண்டிய செய்தி. இதையெல்லாம்விட முக்கியமானது திரும்ப மாட்டுவது. பிளக்கின் திருகு மரை எஃகு; அது ஏறும் சிலிண்டர் ஹெட்டோ, அதாவது என்ஜினின் மேல்பகுதியோ, அலுமினியம். கோணலாக நுழைந்த பிளக்கை ஸ்பேனர் போட்டு அழுத்தினால், எஃகு அலுமினியத்தைச் சீவிக்கொண்டே உள்ளே போகும். நூறு ரூபாய் வேலை ஹெட்டையே கழற்றும் வேலையாகிவிடும். அதனால் என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பிளக்கை நுழைத்து முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்ப வேண்டும். மரையோடு மரை சேரும் இடத்தில் ஒரு சிறு தளர்ச்சி விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கமாகத் திருப்பி, மூன்று நான்கு சுற்றுக் கையாலேயே ஏற்ற வேண்டும். முதல் சில முறை அந்தத் தளர்ச்சி எனக்குப் பிடிபடவில்லை; பதற்றப்படாமல் வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி நுழைத்தேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டாலும் விரல் அறிந்துகொள்கிறது.

ஆயில் மாற்ற வண்டிக்கு அடியில் போக வேண்டும் என்பதால், ஜாக்கியைப் பற்றி அழுத்திச் சொல்லியாக வேண்டும். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி அடியில் படுத்தவர்கள் உயிரை இழந்திருக்கிறார்கள். முட்டாக வைக்கும் செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எச்சரிக்கை தராமல் நொறுங்கக்கூடியவை. கெட்டியான, சமமான தரையில், வண்டிக்கு அடியில் உரிய இடத்தில் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தி, வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே தலையை உள்ளே நீட்டலாம். இன்னொன்று, இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் அது பயன்படாது. முன் சக்கரங்களுக்கு இருபுறமும் மரக்கட்டை வைத்தாக வேண்டும்.

ஆயில் வேலை எளியதே. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் சிறிது ஆயில் தடவி, ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே இறுக்கினால் போதும். வடித்த பழைய ஆயில் நச்சு. அரசு விதிகளில் அபாயகரமான கழிவாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நான் பழைய கேனில் அடைத்து அண்ணனின் பட்டறையில் கொடுத்துவிடுகிறேன். அங்கே பேரலில் சேர்த்துவைத்து, மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவர்களிடம் தருகிறார்கள்.

பிரேக்கை மட்டும் இன்றுவரை நான் தனியாகத் தொட்டதில்லை. மற்ற வேலைகளில் நான் செய்யும் பிழை வண்டியை நிறுத்திவிடும். அங்கே செய்யும் பிழை வண்டியை நிற்கவிடாது, சாலையில் நடந்துபோகும் யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுப்பார். ஆகவே அந்த வேலை நாளில் பட்டறைக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். சென்ற மாதம் பின் சக்கர டிரம்மைக் கழற்றியதும், அண்ணன் உள்ளே இருந்த தூசியை ஊதாமல் ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பிரேக் பிடிக்கும்போது உரசித் தேயும் லைனிங் இன்னும் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று அளந்து சொல்லும்படி அளவுகோலை என் கையில் கொடுத்தார்.

நன்றி, வணக்கம்.