நெடுஞ்சாலையா, ரயிலா? கோலாலம்பூரின் தீராத வழக்கு

[காட்சி: காலை 7 மணி. செராஸ்–காஜாங் நெடுஞ்சாலை.]

வணக்கம். திரையில் நீங்கள் பார்ப்பது, கோலாலம்பூரின் செராஸ் வட்டாரத்து மக்களுக்கு விளக்கவே தேவையில்லாத காட்சி. மேலே, தூண்களின்மீது எம்ஆர்டி என்ற நகர விரைவு ரயில் நகரை நோக்கிச் செல்கிறது. கீழே, டோல் கட்டணம் செலுத்திவிட்டு வந்த கார்கள் ஓடுகின்றனவா நிற்கின்றனவா என்று சொல்ல முடியாதபடி ஊர்கின்றன. இந்த நகரத்துக்கு இன்னும் நெடுஞ்சாலைகள் வேண்டுமா, பொதுப் போக்குவரத்து வேண்டுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் "இரண்டும் வேண்டும்" என்பதே அரசியல்வாதிகளின் வழக்கமான பதில்.

உண்மையில் கோலாலம்பூர் அந்தப் பதிலைச் செயல்படுத்தியும் பார்த்துவிட்டது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுகே, டாஷ், எஸ்பிஇ என்ற மூன்று விரைவுச் சாலைகள் திறக்கப்பட்டன. அதே இரண்டு ஆண்டுகளில்தான் 57.7 கிலோமீட்டர் நீளமுள்ள புத்ராஜெயா எம்ஆர்டி தடமும் இரு கட்டங்களாகத் திறக்கப்பட்டது. ஒரே நேரத்தில் இரண்டையும் கட்டிய நகரம் என்பதால், இங்கே இந்த விவாதத்தை ஊகமாக நடத்த வேண்டியதில்லை. வீட்டு வாசலில் நின்றே நடத்தலாம்.

[காட்சி: வெள்ளைப் பலகையில் கணக்கு.]

முதலில் ஒரு எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நெடுஞ்சாலையின் ஒரு தடத்தில், எல்லாம் சீராக ஓடினால், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 2,000 கார்கள் செல்லலாம். மூன்று தடங்களுக்கு 6,000 கார்கள். காலையில் பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் மட்டுமே இருப்பதால், அத்தனை கார்களிலும் சேர்த்து 8,000 பேர்கூடத் தேறமாட்டார்கள். காஜாங் தடத்து எம்ஆர்டி ரயில் ஒன்றின் கொள்ளளவு சுமார் 1,200 பேர். நான்கு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று வைத்துக்கொண்டால், ஒரு திசையில் மட்டும் மணிக்கு 18,000 பேர். அதற்குத் தேவைப்படும் இடமோ சாலையின் நடுவில் ஒரு வரிசைத் தூண்கள்.

அடுத்தது, புதிய சாலை திறந்தால் நெரிசல் குறையாதா என்ற கேள்வி. குறையும், ஆனால் சில காலத்துக்குத்தான். அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோணி டவுன்ஸ் 1962-இலேயே இதற்கான காரணத்தை விளக்கிவிட்டார். சாலை காலியாக இருக்கிறது என்ற செய்தி பரவியதும், நெரிசலுக்குப் பயந்து விடியற்காலையில் கிளம்பியவர்கள் மீண்டும் எட்டு மணிக்குக் கிளம்புகிறார்கள், வேறு பாதையில் சுற்றிப் போனவர்கள் இங்கே திரும்புகிறார்கள், ரயிலில் போய்க்கொண்டிருந்தவர்களில் சிலர் காரை வெளியே எடுக்கிறார்கள். டவுன்ஸ் சொன்னது இவ்வளவு. நம் ஊரில் நான்காவதாக ஒரு கூட்டமும் உண்டு: சாலைச் சந்திப்பின் அருகிலேயே எழும்பும் அடுக்குமாடிகளில் புதிதாகக் குடியேறுபவர்கள். 1999-இல் திறக்கப்பட்ட டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலையில் இன்று மாலை ஆறு மணிக்குப் போய் நின்றால், இந்தப் பாடம் முழுவதும் கண்முன்னே ஓடும், சரி, ஊரும்.

[காட்சி: டோல் சாவடி. அட்டை தட்டும் ஒலி.]

பிறகு ஏன் சாலைகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன? காரணம் பொறியியலில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. டோல் நெடுஞ்சாலையைப் பெரும்பாலும் ஒரு தனியார் நிறுவனம் கடன் வாங்கிக் கட்டி, பல பத்தாண்டுகள் கட்டணம் வசூலித்துக் கடனை அடைக்கிறது. வரவுசெலவுத் திட்டத்தில் பெரிய தொகை எதுவும் கண்ணில் படாததால், சாலை இலவசமாக வந்தது போன்ற தோற்றம் உண்டாகிறது. ஆனால் ஒப்பந்தப்படி உயர வேண்டிய கட்டணத்தை மக்களின் எதிர்ப்புக்கு அஞ்சி அரசு உயர்த்தாமல் விட்டால், அந்த இழப்பைக் கருவூலமே ஈடுசெய்ய வேண்டும்; காரே இல்லாதவர் கட்டிய வரியும் அதில் சேர்த்தி. 2022-இல் டாமன்சாரா–பூச்சோங் உட்பட நான்கு நெடுஞ்சாலைகளை அமானாட் லெபுராயா ராக்யாட் என்ற அமைப்பு 550 கோடி ரிங்கிட் கடன்பத்திரம் வெளியிட்டு வாங்கிக்கொண்டது. கட்டணத்தை உயர்த்தாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ரயிலுக்கு இப்படிப்பட்ட மறைப்பு கிடையாது. அதன் செலவு முதல் நாளே தலைப்புச் செய்தியாகிவிடும்.

ரயிலையும் தனியாரிடம் கொடுத்துப் பார்த்தோம் என்பது பலருக்கு மறந்துபோன கதை. 1996-இல் ஸ்டார், 1998-இல் புத்ரா என இரு எல்ஆர்டி (இலகு ரயில்) தடங்களை இரு வேறு நிறுவனங்கள் திறந்தன; இரண்டுமே எதிர்பார்த்த பயணிகள் வராமல் கடனில் மூழ்க, 2002-இல் அரசு அவற்றைத் தன்வசப்படுத்தியது. ஒவ்வொரு நிறுவனமும் தன் தடத்தை மட்டுமே பார்த்ததால், தடங்கள் சந்திக்கும் இடங்கள் யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை. மஸ்ஜிட் ஜாமேக் நிலையத்தில் இரண்டு எல்ஆர்டி தடங்களும் ஒன்றையொன்று கடக்கின்றன. அங்கே தடம் மாறுவதற்கு ஒரே டிக்கெட் போதும் என்ற நிலை 2011-இல்தான் வந்தது.

[காட்சி: பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலை.]

அதைவிடப் பெரிய வேடிக்கை நம் பிரிக்பீல்ட்ஸில் நடந்தது. 2003-இல் மோனோரயில் ஓடத் தொடங்கியபோது அதன் கடைசி நிலையத்துக்கு, நகரின் முக்கிய ரயில் சந்திப்பான கேஎல் சென்ட்ரலின் பெயர் இருந்ததே தவிர, அது கேஎல் சென்ட்ரலுக்குள் இல்லை. மோனோரயிலிலிருந்து இறங்கியவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு, துன் சம்பந்தன் சாலையைக் கடந்து, வெயிலிலும் மழையிலும் நடந்துதான் மற்ற ரயில்களைப் பிடித்தார்கள். 2014-இல் இடையே ஒரு பேரங்காடி திறந்த பிறகே கூரையுள்ள வழி கிடைத்தது. சில நூறு மீட்டர் தொலைவைக் கடக்க இந்த நகரம் பதினோரு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

இந்த விவாதத்தில் என் நிலைப்பாடும் இங்கிருந்துதான் பிறக்கிறது. கோலாலம்பூருக்கு இப்போது ரயில் தடம் குறைவு என்று சொல்வதற்கில்லை. ரயில் வரை போய்ச் சேரும் வழிதான் குறைவு. என் பெரியம்மா செராஸில் இருக்கிறார். அவர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் எம்ஆர்டி நிலையத்தின் கூரை தெரியும். ஆனால் அங்கே நடந்து போக, நடைபாதை பாதியில் முடியும் இடத்தில் சாலையில் இறங்கி, மூடி இல்லாத சாக்கடையை ஒட்டி நடந்து, பிறகு நெடுஞ்சாலையின் மேல் செல்லும் பாதசாரிப் பாலத்தில் படியேற வேண்டும். அறுபத்தெட்டு வயதில், கோயிலுக்குப் போகக் கட்டிய புடவையோடு, அது நடக்கிற காரியமல்ல. நெடுஞ்சாலை அகலமாக அகலமாக அந்தப் பாலமும் நீளும் என்பதால், "இரண்டும் வேண்டும்" என்ற பதிலில் ஓட்டை விழுவது இந்த இடத்தில்தான்: சாலையும் ரயிலும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்பதில்லை, ஒன்றின் வாசலை மற்றொன்று அடைக்கிறது.

[காட்சி: மோட்டார் சைக்கிள்கள், மழை, மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கியவர்கள்.]

எதிர்த்தரப்பின் வாதத்தில் எனக்கு வலுவாகப் படுவது ஒன்று உண்டு. நம் நாட்டு நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது. இரவு வேலை முடித்துத் திரும்பும் பாதுகாவலருக்கும், கிள்ளானிலிருந்து ஷா ஆலாமில் உள்ள தொழிற்சாலைக்குப் போகும் இளைஞருக்கும், நள்ளிரவுக்குப் பின் ஓடாத ரயிலைவிட அந்தச் சாலை பயனுள்ளது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் மோட்டார் சைக்கிளை விரும்பித் தேர்ந்தெடுத்தார்களா, வேறு வழியில்லாமல் ஏறினார்களா என்று கேட்டால், மழை நேரத்தில் மேம்பாலத்தின் அடியில் நிற்கும் கூட்டமே பதில் சொல்லும். வீட்டுக்கணக்கையும் பார்க்க வேண்டும். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். ஒன்பது ஆண்டுக் கடனில் வாங்கிய கார் இரண்டு விதமாகவும் தின்னும். மாதம் 50 ரிங்கிட் அட்டையில் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் பேருந்துகள் அனைத்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் பயணம் செய்யலாம். அந்த அட்டை பயன்படுவதும் பயன்படாததும், வீட்டு வாசலில் பேருந்து வருகிறதா என்பதைப் பொறுத்தது.

சாலையை நிறுத்த முடியாது என்றும் எண்ண வேண்டியதில்லை. பெட்டாலிங் ஜெயா மக்களின் எதிர்ப்பினால் கிடெக்ஸ் நெடுஞ்சாலைத் திட்டம் 2015-இல் கைவிடப்பட்டது. பின்னர் வேறு பெயரில் அதே வட்டாரத்துக்கு வந்த பிஜேடி லிங்க் திட்டத்தையும் சிலாங்கூர் அரசு கைவிட்டது.

அப்படியானால் அடுத்த ரிங்கிட் எங்கே போக வேண்டும்? 51 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட எம்ஆர்டி 3 வட்டத் தடம் அவசியம் என்றே கருதுகிறேன். செராஸிலிருந்து செத்தாப்பாக்குக்குப் போக நகர மையத்துக்குள் நுழைந்து வெளியேற வேண்டிய கட்டாயத்தை அது நீக்கும். ஆனால் அது வந்து சேர ஆண்டுகள் ஆகும். பேருந்துக்கும் நடைபாதைக்கும் அவ்வளவு காலம் தேவையில்லை. 1975 முதல் 1998 வரை ஓடிய இளஞ்சிவப்பு மினி பஸ்களை நம் பெற்றோர் திட்டாத நாளில்லை. ஆனாலும் அவை தாமான் தாமானாக, அதாவது ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியிலும், நுழைந்து ஆளை ஏற்றிக்கொண்டன. பேருந்துக்கென்றே தனிப் பாதை கட்டி, சன்வேயில் 2015-இல் திறந்த பிஆர்டி தடத்தின் நீளம் 5.4 கிலோமீட்டர். அதற்காகத் தூண் எழுப்பி மேம்பாலம் கட்டினார்கள். இருக்கிற ஆறு தடச் சாலையில் ஒரு தடத்தைப் பேருந்துக்கு ஒதுக்கச் சாயமும் அமலாக்க அதிகாரியும் போதும். காரோட்டிகளின் கோபத்தைத் தாங்கும் மனமும் வேண்டும், அதற்குத்தான் பஞ்சம்.

[காட்சி: எம்ஆர்டி நிலைய வாசல். காலை 7.20.]

பெரியம்மா இப்போது வெள்ளிக்கிழமைகளில் ரயிலில்தான் பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் போகிறார். முதியோருக்குப் பாதிக் கட்டணம் என்பதால் செலவு குறைவுதான். நிலையம் வரை அவரை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவதற்காக, அவர் மகன் வாரம் ஒருநாள் வேலைக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போகிறார்.