கேமரா பொறுத்தால் உடல் பேசும்

எல்லோருக்கும் வணக்கம்.

நடனம் பயில்பவர்களும் படத்தொகுப்புப் படிப்பவர்களும் இன்று ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றார்கள். நல்லதாகப் போயிற்று. நான் சொல்லவந்த புகார் இரண்டு தரப்பின் மேலும்தான். இசைக் காணொளிகளில் ஆடுகிற உடலை நாம் முழுசாகப் பார்க்கவே விடுவதில்லை. கை ஒரு ஷாட், இடுப்பு ஒரு ஷாட், கண் ஒரு ஷாட் என்று துண்டுபோட்டு, யாரோ பிரமாதமாக ஆடியதுபோல ஒரு பிரமையை உண்டாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். நிமிடத்துக்கு 120 பீட் ஓடும் பாட்டு. ஒரு பீட் அரை விநாடி, அதாவது விநாடிக்கு 24 பிரேம், 24 நிலைப்படங்கள், ஓடும் வேகத்தில் 12 பிரேம். மாஸ்டர் எண்ணுகிற எட்டு கவுண்ட் மொத்தமே நான்கு விநாடி. ஓர் அசைவு கிளம்பி, வளர்ந்து, நின்று, மூச்சு விடுவதற்குள் அந்த நான்கு விநாடி ஓடிவிடும். எடிட்டர் மூன்றாம் கவுண்டில் ஒரு கட், ஐந்தில் ஒரு கட், ஏழில் ஒரு கட் வைத்தால் அசைவின் தொடக்கம் தெரியும், முடிவு தெரியும். எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுகிற அந்த நடுப்பகுதி மட்டும் காணாமல் போயிருக்கும். ஆடுகிறவர் தயங்குகிறாரா, துணிந்துவிட்டாரா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

இந்தத் தகராறு பழசு. 1930களில் ஹாலிவுட் நடன நடிகர் ஃப்ரெட் அஸ்டேர் தன் நடனக் காட்சிகளில் தலை முதல் கால்வரை உடல் முழுவதும் பிரேமுக்குள் இருக்க வேண்டும், முடிந்தவரை வெட்டே கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். அதே காலத்தில் அங்கேயே நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி கேமராவைக் கூரைக்கு ஏற்றி, கீழே இருந்த நடனப் பெண்களைப் பூவிதழ்களாகவும் சக்கரங்களாகவும் மாற்றிக்கொண்டிருந்தார். ஒருவருக்கு உடல் மனிதர். இன்னொருவருக்கு உடல் கோலத்தின் ஒரு புள்ளி. 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு வந்த இசைக் காணொளிகள் இந்த இரண்டு வழிகளிலும் மாறி மாறி நடந்தன. பெர்க்லி வழி கண்ணைக் கவரும், மறுப்பதற்கில்லை. என் சாய்வு அஸ்டேர் பக்கம்.

மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' எல்லோருக்கும் தெரியும். 1983, இயக்கம் ஜான் லாண்டிஸ், நடன அமைப்பு ஜாக்சனோடு சேர்ந்து மைக்கேல் பீட்டர்ஸ். பிணங்கள் ஆட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் சிரிப்பு வந்துவிடும். அவர்கள் என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள். தலை ஒரு பக்கம் வெடுக்கென்று ஒடிகிறது, தோள் தனியே துள்ளுகிறது, நகம் விரித்த கைகள் இரண்டும் ஒரே பக்கமாக வீசித் திரும்புகின்றன. ஒவ்வோர் உறுப்பும் மற்றதிலிருந்து கழன்றதுபோல இயங்குகிறது, ஆனால் எல்லாம் தாளத்துக்குள் இருக்கிறது. செத்த உடல், உயிருள்ள தாளம். ஒப்பனையைத் துடைத்துவிட்டு ஆடினாலும் அந்த அச்சம் பாதியாவது மிஞ்சும்.

பியான்சேயின் 'சிங்கிள் லேடிஸ்', 2008. கறுப்பு வெள்ளை, வெறும் பின்னணி, மூன்று பெண்கள், கதை கிடையாது. கேமரா பெரும்பாலும் முழு உடலையும் விடாமல் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றுகிறது. வெட்டுகள் மிகக் குறைவு. பாப் ஃபாஸி அமைத்து க்வென் வெர்டன் 1969இல் தொலைக்காட்சியில் ஆடிய ஒரு நடனமே தூண்டுதல் என்று பியான்சேயே சொல்லியிருக்கிறார். செலவு பண்ணி அரங்கம் போட வேண்டும் என்று அடம்பிடிக்கிற தயாரிப்பாளர் யாராவது இங்கே இருந்தால் வீட்டுக்குப் போய் அதை இன்னொரு தடவை பார்க்கட்டும். (சிரிப்பு)

நான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச விரும்புவது 'ஷாண்டலியர்' பற்றி. 2014. பாடியவர் சியா, ஆடியவர் மேடி ஸிக்லர், அப்போது 11 வயதுச் சிறுமி, நடன அமைப்பு ரயன் ஹெஃபிங்டன். பாட்டு குடியையும் கொண்டாட்டத்தையும், அதற்கடியில் இருக்கிற நடுக்கத்தையும் பற்றியது. திரையில் கோப்பையும் இல்லை, கூட்டமும் இல்லை. பாழடைந்த வீட்டில் ஒரு குழந்தை. பாடகி வருவதே இல்லை, அதனால் உதடசைப்புக்கு வேலையில்லை. முகம் அந்தக் கடமையிலிருந்து விடுபட்டுவிட்டது. விழி பிதுங்குகிறது, வாய் கோணுகிறது, விரல் முகத்தை இழுத்துப் பார்க்கிறது. பாட்டு உச்சிக்கு ஏறும்போது உடலும் கூடவே பறக்கும் என்று எதிர்பார்ப்போம். அவள் தரையில் சரிகிறாள், சுவரில் மோதிக்கொள்கிறாள். முடிவில் கதவருகே நின்று, மேடையில் செய்வதுபோல முழங்கால் மடக்கி வணங்குகிறாள். ஒருமுறை செய்தால் மரியாதை. அவள் நிறுத்துவதாக இல்லை. திரும்பத் திரும்ப வணங்குகிறாள், சிரிப்பு முகத்தில் ஒட்டவைத்ததுபோல இருக்கிறது. பாட்டு வரிகள் சொல்லாத எதையோ அந்த வணக்கம் சொல்லிவிடுகிறது. வரியில் 'இதயம்' என்று வந்ததும் நெஞ்சில் கைவைக்கச் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வரிக்கு அபிநயம் பிடிக்காவிட்டால் வேறு எதற்கு ஆடுவது என்று கேட்பீர்கள். வாத்தியத்துக்கு ஆடலாம். டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு இசை இரட்டையரின் 'அரவுண்ட் த வேர்ல்ட்', 1997, இயக்கம் மிஷெல் கோண்ட்ரி, நடனம் பிளாங்கா லி. பாட்டில் மூன்றே சொற்கள், அதையே சுற்றிச் சுற்றிப் பாடுகிறார்கள். கோண்ட்ரி ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு குழுவை ஒதுக்கினார். இயந்திரக் குரலுக்கு ரோபோக்கள், கிடாருக்கு எலும்புக்கூடுகள், டிரம் மெஷினுக்கு மம்மிகள். பேஸ் இசைக்கு உயரமான விளையாட்டு வீரர்கள். சுரம் ஏறும்போது படியேறுகிறார்கள், இறங்கும்போது இறங்குகிறார்கள். காதில் கலந்து கிடந்தது கண்ணில் பிரிந்து தெரிகிறது. இசைக்கோவை எப்படிக் கட்டப்படுகிறது என்று வகுப்பெடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

தொகுப்பு மாணவர்களுக்கு ஒரு தொழில் விஷயம். உடல் மிதப்பதுபோல மெதுவாக அசையும், உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தும். பார்த்திருப்பீர்கள். விநாடிக்கு 48 பிரேமில் படம் பிடித்து, 24இல் ஓட்டுகிறோம். அதற்காகப் படப்பிடிப்பில் பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிடுவார்கள். நான்கு நிமிடப் பாட்டு தளத்தில் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். பாடகர் கீச்சுக் குரலுக்கு உதடு அசைத்துக்கொண்டு ஓட வேண்டும், முகத்தில் மட்டும் அவசரம் தெரியக் கூடாது. ஆடுகிறவருக்கு இது தண்டனை மாதிரி. வேகமாக ஆடும்போது தசை இறுகும். அந்த இறுக்கம் மெதுவாக ஓட்டும்போது பளிச்சென்று தெரியும். அதனால் அசைவுகளை முன்கூட்டியே எளிமையாக்கித் தர வேண்டியது நடன அமைப்பாளரின் வேலை.

இப்போது கைப்பேசிக்கான செங்குத்துப் பிரேம் வந்துவிட்டது, 9க்கு 16. அகலம் போய்விட்டதால் பக்கவாட்டில் ஓட இடமில்லை. ஆட்டமெல்லாம் தோளுக்கும் கைக்கும் ஏறிவிட்டது. பார்ப்பவர் உடனே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஒரே ஒரு ஹூக் ஸ்டெப்பை, அதாவது மனதில் ஒட்டிக்கொள்கிற ஓர் எளிய அசைவை, வைத்துப் பாட்டையே விற்கிறார்கள். எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை. எளிய ஸ்டெப் அமைப்பது கடினமான வேலை. ஆனால் பாதம் தரையைத் தொடுவதையே காட்டாத நடனத்தை எத்தனை நாள் பார்ப்பது?

பெயர் விஷயமும் இருக்கிறது. 2011இல் பியான்சேயின் 'கவுண்ட்டவுன்' வந்தபோது, பெல்ஜிய நடன அமைப்பாளர் ஆனா தெரேசா டே கீர்ஸ்மேக்கர் தன் அசைவுகள் கேட்காமல் எடுக்கப்பட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். அவர் குறிப்பிட்ட படைப்புகளில் ஒன்றான 'ரோசாஸ் டான்ஸ்ட் ரோசாஸ்' 1983இல் அரங்கேறியது. மெட்டைத் திருடினால் ஊரே பேசும், அசைவை எடுத்தால் 'தாக்கம்' என்று சொல்லித் தப்பிவிடலாம். நீங்கள் அமைக்கிற நடனத்தை முழு உடலும் தெரிகிற ஒரே நீள ஷாட்டில், தேதியோடு, உங்களுக்காக ஒரு பிரதி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் உதவும். வராவிட்டாலும் எடிட்டரிடம் கொண்டுபோய்க் காட்டி, எங்கே வெட்டக் கூடாது என்று சொல்ல அது வேண்டும்.

போதும், பேசியது. இப்போது 'ஷாண்டலியர்' முழுவதையும் ஒலியை நிறுத்திவிட்டுத் திரையிடப் போகிறோம். எடிட்டிங் மாணவர்கள் வெட்டுகளை எண்ணுங்கள். நடன மாணவர்கள் அவளுடைய எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.