நிலவில் புதைந்த பூசணிக்காய்

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, எனக்குப் பத்தாம் வகுப்பில் விஞ்ஞானம் படிப்பித்து இன்றைக்கும் என்னைச் சந்தேகத்தோடு பார்க்கும் ரீச்சர் அவர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த ஆலய பரிபாலன சபையாரே, வாசகர் வட்டச் செயலாளர் தம்பி, பொருளாளர் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். நேரம் குறைவு என்று தலைவர் காதுக்குள் சொன்னார். ஆனால் ஒருவரை விட்டுவிட்டாலும் நாளைக்குச் சந்தையில் எனக்கு மீன் கிடைக்காது. ஒலிபெருக்கிக்காரத் தம்பிக்கும் வணக்கம்.

‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தை இரண்டாம் தடவை பார்த்தால் என்ன தெரியும் என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று விடயம் பேசப்போகிறேன். ஒன்று, ஹால் என்ற கணினி. இரண்டு, படத்தின் இசை. மூன்று, கடைசியில் வரும் அந்த வெள்ளை அறை.

1968இல் வந்த விண்வெளிப் படம். இயக்கியவர் ஸ்டான்லி குப்ரிக். அவரோடு சேர்ந்து கதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் கொழும்பில் கண்மூடும் வரை இங்கேயே வாழ்ந்தவர். திருகோணமலைக் கடலில் சுழியோடி, கோணேசர் மலையடியில் மூழ்கிக் கிடந்த பழைய கோயிலின் தூண்களைப் பார்த்தவர். ஆகவே நம்மோடு கொஞ்சம் சொந்தம் கொண்டாடலாம்.

நான் முதலில் பார்த்த கதையைச் சொல்ல வேண்டும். எண்பதுகளில் ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து விடியவிடியப் படம் பார்ப்போமே, அந்தக் காலம். கசெற் கடைக்காரர் இரண்டு ரஜினி படத்தோடு ‘நல்ல இங்கிலீஷ் சண்டைப் படம்’ என்று ஒன்றைச் செருகிவிட்டார். முதலில் அதைப் போட்டோம். பாலைவனம், குரங்குகள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கும்பிட்டுக்கொண்டு, “ராமாயணமே பிள்ளை?” என்றார். எனக்கும் தெரியாது, “ஓம் பெரியம்மா” என்றேன். அவர் உடனே எழுந்துபோய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்து பயபக்தியோடு உட்கார்ந்தார். இந்தப் படத்தில் முதல் பேச்சு வருவதற்கே ஏறத்தாழ 25 நிமிடம் ஆகும். அதற்குள் பெரியம்மா தூங்கிவிட்டார். கண் விழித்தபோது திரையில் விண்கலம் சுற்றிக்கொண்டிருந்தது. “அனுமார் இலங்கைக்கு வந்திட்டாரோ?” என்றார். முற்றம் சிரித்த சிரிப்பில் நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது. அப்புறம் டெக்காரர் அவராகவே கசெற்றைக் கழற்றப் போனார். பெரியம்மா விடவில்லை. “பட்டாபிஷேகம் பார்க்காமல் எழும்பக் கூடாது” என்று பிடிவாதம். அப்படித்தான் முழுப் படத்தையும் பார்த்தோம். கடைசியில் ஒளிவட்டத்துக்குள் ஒரு குழந்தை மிதந்து வந்தது. அவர் மறுபடி கும்பிட்டுவிட்டு, திருப்தியாக வீட்டுக்குப் போனார். எங்களுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

வெட்கப்படத் தேவையில்லை. அமெரிக்காவிலேயே ஆரம்பக் காட்சிகளில் பலர் பாதியில் எழுந்து போனார்கள். வெளியான பிறகு குப்ரிக்கே சுமார் 19 நிமிடத்தை வெட்டினார்.

அன்றைக்கு எங்கள் முடிவு இதுதான்: கணினிக்குப் பைத்தியம் பிடித்தது, ஆட்களைக் கொன்றது. இப்போது மகளுடைய மடிக்கணினியில் இரண்டாம் தடவை பார்த்தேன். முதல் தடவை கொட்டாவி விட வைத்த இடங்களில்தான் விடயமே இருக்கிறது.

நிலவில் பெரிய கரிய பாளம் ஒன்றைத் தோண்டி எடுக்கிறார்கள். நாற்பது இலட்சம் வருடத்துக்கு முன் யாரோ வேண்டுமென்றே புதைத்தது. மனித குலத்துக்கே உரிய செய்தி. மேலிடம் என்ன செய்கிறது? நிலவுத் தளத்தில் தொற்றுநோய் என்று கதை கட்டுகிறது. மேலிடத்து அதிகாரி டொக்டர் ஃபுளொய்ட் ஒரு கூட்டம் நடத்தி, இரகசியம் காக்க எல்லோரும் எழுத்தில் சத்தியம் தரவேண்டும் என்கிறார். எவ்வளவு மரியாதையான கூட்டம்! கோட், சூட், புன்னகை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்று என் ஆச்சி கேட்பார். இவர்கள் சத்தியக் கடதாசியில் மறைக்கப் பார்க்கிறார்கள்.

அடுத்தது, அந்தப் பாளத்தின் தடம் தேடி வியாழனுக்குப் போகும் விண்கப்பல். அதை நடத்துவது ஹால்; ஆட்களில் மூவர் உறக்கநிலையில். விழித்திருக்கும் இருவருக்கும் பயணத்தின் உண்மை நோக்கம் தெரியாது. ஹாலுக்குத் தெரியும். அதே ஹால்தான் தொலைக்காட்சிப் பேட்டியில், தன் வகைக் கணினி எதுவும் தவறு செய்ததில்லை, தகவலைத் திரித்ததில்லை என்று பெருமையாகச் சொல்கிறது. உண்மையைச் சொல்வது அதன் தொழில், உண்மையை மறைப்பது அதற்கு வந்த உத்தரவு.

பிறகு ஒரு சின்ன உரையாடல். நிலவில் ஏதோ தோண்டியதாக வதந்தி உண்டே என்று, விழித்திருக்கும் இருவரில் ஒருவரான போமனிடம் ஹால் மெல்லக் கேட்கிறது. பயண ஏற்பாட்டில் ஏன் இத்தனை இரகசியம் என்கிறது. எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், அது வாய் திறக்க வழி தேடுகிறது. போமனோ, என் மனநிலையைப் பற்றி அறிக்கை எழுதுகிறாயா என்று கேட்டுவிடுகிறார். ஹால் ஆமாம் என்று பின்வாங்குகிறது. அடுத்த நொடியே பூமியோடு பேசும் அன்டெனாவின் ஒரு பாகம் பழுதாகப் போகிறது என்கிறது. அது இல்லாத பழுது. முதல் தடவை இதை யார் கவனித்தது? ஹாலை நிறுத்திய பிறகுதான், ஃபுளொய்ட் முன்பே பதிந்துவைத்த ஒளிப்பதிவு தானாக ஓடுகிறது. பயணத்தின் உண்மை நோக்கம் இந்தக் கலத்தில் ஹாலுக்கு மட்டுமே தெரிந்திருந்தது என்கிறார். நாலு பேர் செத்த பிறகு!

மறைக்கச் சொன்ன உத்தரவுதான் ஹாலைக் குழப்பியது என்ற காரணம் கிளார்க்கின் நாவலில் வெளிப்படையாகவே உண்டு. குப்ரிக் நம்மிடம் விட்டுவிட்டார். இரண்டாவது நாவலில் ஹாலைத் திரும்ப எழுப்ப வரும் விஞ்ஞானியின் முழுப்பெயர் என்ன தெரியுமா? சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை! கைதட்டுங்கள், தப்பில்லை.

இப்போது நம்மூருக்கு வருவோம். நம் அலுவலகங்களிலும் ஹால்கள் இருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையின் வடிகாலுக்கு எவ்வளவு செலவானது என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன், பிரதேச செயலாளர் ஐயா பயப்பட வேண்டாம். மேசையில் இருந்த பிள்ளைக்கு விடை தெரியும், கோப்பும் கைக்கெட்டும் தூரத்தில். “மேலதிகாரியைக் கேட்க வேணும்” என்று சொல்லும்போது முகம் வியர்த்தது. அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமில்லை. முழுப் பூசணிக்காயையும் சோற்றுக்குள் வைத்து, அந்தக் கோப்பையைப் பிள்ளையின் கையில் கொடுத்தவர் உள்ளறையில் இருக்கிறார்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஏன் கேட்கிறீர்கள் என்று உங்களிடம் காரணம் கேட்க முடியாது. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். சட்டம் அனுமதித்த தகவலைக் கொடுத்த அலுவலரைத் தண்டிக்கவும் முடியாது. இந்தக் கடைசி விடயத்தைத்தான் நான் பத்து மேடையில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஹாலுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இருந்திருந்தால் அந்த விண்கலத்தில் கொலையே நடந்திராது, படமும் சீக்கிரம் முடிந்திருக்கும்.

தலைவர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். இசை போய்விட்டது, வெள்ளை அறையும் போய்விட்டது. அறையைப் பற்றி என்னிடம் நல்ல கருத்து ஒன்று இருக்கிறது, தேநீர் வேளையில் பிடித்தால் சொல்வேன். வாசலில் மேசை போட்டு விண்ணப்பப் படிவம் வைத்திருக்கிறோம், இலவசம். எழுதச் சிரமமானவர்களுக்குப் பொருளாளர் தம்பி நிரப்பித் தருவார். வடிகால், குளக்கட்டு, பள்ளிக்கூடக் கூரை, எதுவானாலும் கேளுங்கள். பேனை மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும், போன கூட்டத்தில் வைத்ததெல்லாம் காணாமல் போய்விட்டது.