இரணைமடுக் கட்டில் ஒரு காலை நடை

நேயர்களுக்கு வணக்கம். வன்னியில் ஏறுவதற்கு மலை கிடையாது. கடல்போலக் கிடக்கிற தண்ணியை உயரத்தில் நின்று பார்க்க ஆசையென்றால் குளக்கட்டில்தான் ஏற வேண்டும். அதற்கு இரணைமடு போதும். கிளிநொச்சியிலிருந்து ஏ-9 வீதியால் தெற்கே வந்து, இரணைமடுச் சந்தியில் கிழக்கே திரும்பினால் குளம். கனகராயன் ஆற்றை மறித்து, 1902இல் வேலை தொடங்கிக் கட்டிய குளம் இது. கட்டு இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நீளம். ஆறுதலாகப் போய்வர இரண்டு மணித்தியாலம் பிடிக்கும்.

தை, மாசி, பங்குனி நல்ல காலம். மாரி மழை ஓய்ந்து குளம் நிரம்பியிருக்கும், கூழைக்கடாவும் நீர்க்காகமும் நிற்கும். ஆவணியில் போனால் சிறுபோக வயலுக்குத் தண்ணி போய், வெடித்த சேறுதான் மிஞ்சும். விடிய ஆறு மணிக்கே நடக்கத் தொடங்குங்கள், ஒன்பதுக்குள் இறங்கிவிடலாம். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணி, தொப்பி, கிறவலில் வழுக்காத சப்பாத்து. குடையை விடுங்கள், கட்டுக் காற்று அதைப் பிடுங்கிவிடும்.

கட்டில் நிழல் இல்லையே என்று குறைப்படாதீர்கள். மரம் வைக்க மறந்துபோய் அப்படி விடவில்லை. மரம் பட்டுப்போனால் வேர் மண்ணுக்குள் உக்கும், உக்கிய இடம் குழாய்போலக் கோறையாகும், அதன் வழியே தண்ணி கசியும். கறையான் புற்றும் உடும்புப் பொந்தும் செய்கிற வேலையும் அதுதான்.

வயல் பக்க அடிவாரத்தில் ஈரம் கண்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். தெளிந்த தண்ணி மெல்லக் கசிந்தால் பெரிதாகப் பயமில்லை, மண்கட்டில் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கலங்கி வந்தால் அது உள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது. அன்றைக்கே நீர்ப்பாசன அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

தண்ணிப் பக்கம் கல் அடுக்கியிருப்பது சோளகத்துக்காக. வைகாசிக்குப் பிறகு தென்மேற்குக் காற்று குளம் முழுக்க ஓடி வந்து அலையைக் கட்டில் அடிக்கும். படம் எடுக்கவென்று அந்தக் கல்லில் இறங்கவே வேண்டாம். கீழ்க்கல்லில் பாசி, விடியலில் முதலை வெயில் காயும் இடமும் அதுதான். வயலுக்குத் தண்ணி விடுகிற மதகான துருசுக்குக் கிட்டக் குளிப்பதும் கூடாது, திறந்த துருசு உள்ளே இழுக்கும்.

மழைக் காலத்தில், நிரம்பிய குளத்தின் மிச்சத் தண்ணியை வெளியே விடுகிற வான்கதவுக்குக் கீழே நிற்காதீர்கள். 2018 மார்கழிப் பெருமழையில் கதவுகளைத் திறக்க வேண்டி வந்து, தாழ்ந்த ஊர்களுக்குள் வெள்ளம் போனது.

காட்டுக்குள் குறுக்கு வழி தேட வேண்டாம். வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கிற இடத்தில் ஒரு அடிகூட உள்ளே வைக்காதீர்கள், வந்த தடத்திலேயே திரும்புங்கள். பின்னேரம் நடக்கிறவர்கள் ஐந்து மணிக்கு முன் கட்டை விட்டு இறங்குங்கள், மைம்மலில் யானை தண்ணிக்கு வரும்.